மர டிரம்மில் கண்ணாடிப் பளபளப்பு: பாலிஷுக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு நண்பர், வெட்டிய மழைமரத்தின் பலகைகளை வாங்கி, துண்டுகளாக ஒட்டிக் கடைந்து, 14 அங்குல ஸ்னேர் டிரம் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருக்கிறார். ஸ்பிரே டப்பாவில் வரும் நைட்ரோசெல்லுலோஸ் கிளியர் லேக்கரை ஆறு கோட் அடித்துவிட்டார். எட்ட நின்று பார்த்தால் மினுங்குகிறது. ஆனால் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் விளக்கின் கோடு நெளிந்து உடைந்து தெரிகிறது. இரண்டு இடத்தில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரியும் இருக்கிறது. எந்த பாலிஷ் வாங்கித் தேய்த்தால் கடை டிரம் போல முகம் தெரியும், வீட்டில் இருக்கும் மிருதங்கத்துக்கும் அதையே போடலாமா, தீபாவளி நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் முடியுமா என்று கேட்கிறார்.

பாலிஷ் வாங்க இப்போதே போக வேண்டாம். பாலிஷ் கிரீம் எதுவானாலும் சில மைக்ரான் ஆழமுள்ள மெல்லிய கீறல்களைத்தான் எடுக்கும். உங்கள் டிரம்மில் இருப்பது கீறல் இல்லை, மேடு பள்ளம். ஒரு பரப்பில் விழும் ஒளி எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தால்தான் அதில் முகம் தெரியும். மேடு பள்ளம் இருந்தால் ஒளி சிதறும். அந்த மேடு பள்ளத்தின் மேல் எவ்வளவு நல்ல பாலிஷ் போட்டாலும் அது மினுங்கும் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். பளபளப்பு முக்கால்வாசி உருவாவது உப்புத்தாள் வேலையிலும் காத்திருப்பதிலும். கடைசி அரை மணி நேரத்தில் பாலிஷ் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகத் தெரிகின்றன. விளக்கின் கோடு நெளிவது லேக்கர் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் படிந்திருப்பதால். அந்தக் கோடு நடுநடுவே உடைவது மரத்தின் துளைகள் நிரம்பாததால். வெள்ளைப் புகை நம் ஊர்க் காற்றின் ஈரத்தால் வந்தது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

வெள்ளையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் சிங்கப்பூரில் லேக்கர் அடிக்கும் எல்லோருக்கும் வரும் தொல்லை இது. லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். பரப்பின் வெப்பம் காற்றின் பனிநிலைக்குக் கீழே போனால் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, ஈர லேக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் பால் மாதிரித் தெரிகிறது. இங்கே காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 சதவீதம் வரை இறங்கும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதாவது பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே வெள்ளை பூத்துவிடும். அதே வேலையைப் பிற்பகல் 33 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தில் செய்தால் பனிநிலை 24 டிகிரிதான். ஒன்பது டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஒரே டப்பா, ஒரே கை, நேரம் மட்டும் வேறு. அதனால் லேக்கர் வேலையை மதியம் ஒன்றுக்கும் நான்குக்கும் இடையில், வெயில் அடிக்கும் நாளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வானம் கறுத்தால் டப்பாவை மூடி வைத்துவிடுங்கள். பத்து, இருபது வெள்ளிக்கு விற்கும் ஈரமானி ஒன்றை வேலை செய்யும் இடத்தில் மாட்டி வைப்பது நல்ல பழக்கம்.

ஏற்கெனவே வந்த வெள்ளையை எடுப்பது கடினம் இல்லை. ரெட்டார்டர் என்று விற்கும் மெதுவாக ஆவியாகும் தின்னரை, காய்ந்த நாளின் பிற்பகலில், அந்த இடத்தில் மட்டும் பனி மாதிரி மெல்லியதாகத் தூவுங்கள். மேல் படலம் கொஞ்சம் இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறிவிடும். நைட்ரோ லேக்கர் காய்ந்த பின்னும் தன் தின்னரில் மீண்டும் கரையும் வகை என்பதால் இது முடிகிறது. பாலியூரித்தேன் போன்றவற்றில் முடியாது. அதிகமாகத் தூவினால் லேக்கர் வழியும், கவனம்.

அடுத்தது துளைகள். மழைமரம், அதாவது ஊரில் நாம் தூங்குமூஞ்சி மரம் என்று சொல்வது, பெரிய துளைகள் உள்ள மரம். இழைகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியும் கிடக்கும். அதனால்தான் அதில் அந்த அழகான ஓட்டம் தெரிகிறது. அதனால்தான் இழைப்புளி பட்டால் அங்கங்கே பிய்த்துக்கொண்டும் வருகிறது. பலா, ஈட்டி, மஹாகனி எல்லாம் இந்த விஷயத்தில் மழைமரத்துக்குச் சொந்தம்தான். மேப்பிள், பர்ச் போன்றவை நுண்ணிய துளைகள் உள்ளவை. கடையில் நீங்கள் பார்க்கும் பளபளப்பான டிரம்கள் பலவும் அந்த மரங்களில் செய்தவை. அவற்றுக்கு அடைப்பு வேலை மிகக் குறைவு. உங்கள் மரத்துக்கு அது இல்லாமல் ஆகாது.

துளையை அடைக்க லேக்கரையே நம்பினால் கோட் மேல் கோட் அடித்து அலுத்துப்போவீர்கள். லேக்கர் காயக் காயச் சுருங்கும். இன்று நிரம்பியது போலத் தெரியும் துளை இரண்டு வாரத்தில் உள்வாங்கி மறுபடி கோடாகத் தெரியும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது, முதல் கோட்டுக்கு முன்னால் தெளிந்த எபாக்ஸியை ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் துளைகளுக்குக் குறுக்கே வழித்து இழுத்து, மேலே நிற்பதை எல்லாம் சுரண்டி எடுத்துவிடுவது. எபாக்ஸியில் ஆவியாகிப் போக எதுவும் கிடையாது, அதனால் சுருக்கம் மிகக் குறைவு. மறுநாள் பி220 உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் துகள் பொடியாகும்) மரம் தெரியும்வரை தேய்த்தால் துளைக்குள் மட்டும் எபாக்ஸி நிற்கும். மரத்தின் நிறம் இன்னும் கொஞ்சம் எடுப்பாகவும் தெரியும். மர வேலைக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் லப்பம், சேண்டிங் சீலர் முறையும் நல்லதுதான். ஆனால் நிறம் பார்த்துக் கலக்க வேண்டும். பொருந்தாத லப்பம் பளபளப்பின் கீழே வெளுத்த கோடுகளாக நின்று உயிரை வாங்கும்.

உங்களுடையதில் ஏற்கெனவே ஆறு கோட் இருக்கிறது. பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் உரித்து எடுக்கத் தேவையில்லை. பி400 தாளால் உலர்வாக, லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மேடுகள் எல்லாம் மங்கி, துளைகள் மட்டும் பளிச்சென்று ஊசி ஊசியாக நிற்கும். அந்த இடங்களில் லேக்கரை மெல்லிய தூரிகையால் சொட்டு வைத்து, காய வைத்து, மறுபடி தட்டையாக்குங்கள். துளைகள் நிரம்பின பிறகு இன்னும் ஆறு கோட்டாவது தேவைப்படும். டப்பா ஸ்பிரேயில் தின்னர்தான் அதிகம், படலமாக நிற்கும் பொருள் குறைவு. ஸ்பிரே துப்பாக்கியில் அடிக்கும் ஒரு கோட் காய்ந்த பின் சுமார் 25 மைக்ரான் நிற்கும் என்றால், டப்பாவில் அதில் பாதி நின்றாலே நல்ல காரியம். தட்டையாக்கும்போது அதிலும் ஒரு பங்கு போய்விடும். கையில் சரக்கு குறைவாக வைத்துக்கொண்டு தேய்க்க இறங்கினால் மரம் வெளியே வந்துவிடும்.

அடிக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வேண்டாம், பொதுத் தாழ்வாரத்திலும் வேண்டாம். தின்னர் ஆவி தீப்பற்றும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்த வாடை ஆகாது. சுங்கை காடுட் பக்கம் மரப் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது தெரிந்திருந்தால், ஒரு பிற்பகல் அவர்களுடைய ஸ்பிரே இடத்தைக் கேட்டுப் பாருங்கள். வழியே இல்லை என்றால் அடுத்த டிரம்முக்குத் துணியால் பூசும் வார்னிஷுக்கு மாறிவிடுங்கள். அது மெதுவாகக் காயும், கோட்டுக்கு ஒரு நாள் ஆகும், ஆனால் சர்வீஸ் யார்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யலாம். பட்டறையில் இரண்டு பாகமாகக் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) அடித்துத் தருகிறேன் என்பார்கள். பூச்சு உறுதியானது. ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. அதற்கென்று பயிற்சியும் காற்றுக் குழாய் முகமூடியும் உள்ளவர்கள் அடிக்கட்டும், நீங்கள் கையில் எடுக்காதீர்கள். மரத்தூசியும் சாதாரண விஷயம் இல்லை. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். மரத்தைத் தேய்க்கும்போது என்95 முகமூடி முகத்தில் இருக்கட்டும். எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் கலந்தவை தாமாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

கடைசிக் கோட் அடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது காத்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு. தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் ஆகாது. மூக்கை டிரம்முக்கு மிக அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை கொஞ்சமாவது வந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வாடை முற்றிலும் நின்ற பிறகு, லக் (டிரம்மின் தோலை இழுத்துப் பிடிக்கும் உலோகப் பிடி) மூடப்போகும் ஒரு மறைவான இடத்தில் பி800 தாளை உலர்வாக நாலு இழுப்பு இழுங்கள். பவுடர் மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்தால் தயார். தாளில் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டிக்கொண்டால் தயார் இல்லை, எடுத்து வைத்துவிடுங்கள். பொறுக்க மாட்டாமல் பச்சை லேக்கரைத் தேய்த்து பாலிஷ் போட்டால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் உள்ளே மிச்சமிருந்த தின்னர் வெளியேறி, படலம் சுருங்கி, துளைகளும் ஒட்டுக் கோடுகளும் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

ஒட்டுக் கோடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் டிரம் துண்டு துண்டாக ஒட்டியது. நம் ஊர் வெளிக்காற்றில் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தில் வந்து நிற்கும். ஏர்கான் அறையிலேயே வைத்திருந்தால் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும். இறங்கும்போது மரம் சுருங்கும். ஒவ்வொரு துண்டும் தன் இழைப் போக்குக்குத் தகுந்தபடி சுருங்குவதால் ஒட்டுகளில் மயிரிழை அளவு படி உண்டாகும். மங்கலான பூச்சில் அது கண்ணுக்கே தெரியாது. பளபளப்பில் விளக்கைக் காட்டினால் ஒவ்வொரு ஒட்டும் தெரியும். டிரம் பிற்பாடு எந்த அறையில் இருக்கப்போகிறதோ, அந்த அறையிலேயே மரத்தை இரண்டு மாதமாவது போட்டுவைத்து, அதன் பிறகு கடைவதுதான் இதற்கு வழி. இந்த டிரம்முக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆனால் காத்திருக்கும் வாரங்களில் அதை ஏர்கான் அறையிலேயே, நேராகக் காற்று படாத மூலையில் வைத்தால் வரவேண்டிய கோடுகள் இப்போதே வந்துவிடும். அவற்றையும் சேர்த்துத் தட்டையாக்கிவிடலாம்.

இனி வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் வேலை. இதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாளை வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் பி என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவு. பி800 என்றால் துகள் சுமார் 22 மைக்ரான், பி1500 என்றால் 12.6, பி2000 என்றால் 10. பி இல்லாமல் வெறும் 600 என்று போட்டிருந்தால் அது அமெரிக்க அளவாக இருக்கலாம். அந்த 600 ஏறக்குறைய பி1200க்குச் சமம். இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு, 800க்குப் பிறகு இது ஏன் இன்னும் ஆழமாகக் கீறுகிறது என்று குழம்புபவர்கள் நிறைய. ஒரே கம்பெனித் தாளாக, கறுப்பு நிற சிலிக்கான் கார்பைடு வகையாக, பி800, பி1000, பி1500, பி2000, கிடைத்தால் பி3000 என்று வாங்குங்கள். சாதாரண ஹார்ட்வேர் கடையில் பி1000க்கு மேல் கிடைப்பது சிரமம். உபி, காக்கி புக்கிட் போல கார் பட்டறைகள் நிறைந்த இடங்களில் கார் பெயின்ட் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். அவர்களுடைய வேலையும் இதேதான்.

டிரம் உருண்டை. விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். கடினமான மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் அது உருண்டையின் மேல் ஒரே கோட்டில்தான் படும், அங்கங்கே பட்டை விழும். டிரம்மின் வளைவுக்குப் பொருந்தும் கட்டை வேண்டும். அதைச் செய்வது சுலபம். பழைய யோகா விரிப்பு அல்லது செருப்பு ரப்பரிலிருந்து உள்ளங்கை அளவு, இரண்டு விரல் தடிமனில் ஒரு துண்டு வெட்டுங்கள். பி80 தாள் ஒன்றைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி டிரம்மின் மேல் சுற்றி டேப் போடுங்கள். அதன் மேல் ரப்பர்த் துண்டைத் தேயுங்கள். பத்து நிமிடத்தில் துண்டின் அடிப்பக்கம் டிரம்மின் வளைவை அப்படியே எடுத்துக்கொள்ளும். இனி எல்லா எண் தாளையும் அதில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும்.

தாளைப் பயன்படுத்துவதற்கு முன் கால் மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் தாள் வழுக்கிப் போகும், அடைக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: லக் போல்ட்டுக்கான ஓட்டைகளை ஏற்கெனவே போட்டிருந்தால், அவற்றின் உள்பக்கம் பூச்சு இல்லாத வெறும் மரம். தண்ணீர் அதில் இறங்கினால் மரம் உப்பி, ஓட்டையைச் சுற்றி லேக்கர் வளையமாகத் தூக்கும். டிரம்மின் வாசிக்கும் தோல் உட்காரும் விளிம்பும் அப்படித்தான். அங்கே வெட்டுமுகம் இருப்பதால் தண்ணீரை உறிஞ்சும். ஓட்டைகளில் மெழுகு தேய்த்த மரக்குச்சியைச் செருகி, விளிம்பில் மெழுகு பூசிக்கொண்டு தண்ணீர் பயன்படுத்தலாம். இல்லையென்றால் தண்ணீருக்குப் பதிலாக மினரல் டர்பன்டைனை வைத்துத் தேய்க்கலாம். அது காய்ந்த நைட்ரோ லேக்கரை ஒன்றும் செய்யாது, மரத்தையும் உப்ப வைக்காது. நான் டிரம் வேலைக்கு டர்பன்டைனைத்தான் விரும்புகிறேன். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரியக் கூடாது.

ஓட்டை இன்னும் போடவில்லை என்றால் ரொம்ப நல்லது. தேய்த்துத் தட்டையாக்கி முடித்த பிறகு, மேலே டேப் ஒட்டி, உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, கூர்மையான துளைப்பானால் போடுங்கள். பெரும்பாலான டிரம்களில் படலம் தேய்ந்து மரம் தெரிவது ஓட்டையின் ஓரத்தில்தான். ஓட்டை இல்லாமல் தேய்த்தால் அந்தக் கவலை கிடையாது.

முதல் தாள் பி800. டிரம்மின் நீளவாக்கில், அதாவது மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு, கொஞ்சம் சாய்வாக, லேசான அழுத்தத்தில் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை துணியால் வழித்துத் துடைத்து, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். மேடுகள் மங்கலாக, பள்ளங்கள் பளபளவென்று தெரியும். ஆரம்பத்தில் மங்கலுக்கு நடுவே ஆயிரம் மின்னும் புள்ளிகள் இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் சின்னதாகும், பிறகு அங்கொன்று இங்கொன்றாக நிற்கும், கடைசியில் பரப்பு முழுவதும் ஒரே சாம்பல் மங்கலாகிவிடும். அந்த நிலை வரும்வரை பி800ஐ விடக் கூடாது. இங்கே அவசரப்பட்டு பி1000க்குப் போனால் மின்னும் புள்ளிகள் கடைசிவரை கூடவே வரும், பாலிஷ் போட்ட பிறகு அவைதான் நெளிவாகத் தெரியும். மொத்தத் தேய்ப்பு நேரத்தில் பாதி இந்த முதல் தாளுக்கே போகும், போகட்டும். அதே சமயம் ஒரே ஒரு புள்ளி பிடிவாதமாக நின்றால் அந்த இடத்தை மட்டும் போட்டுக் குடைய வேண்டாம். அங்கே ஒரு சொட்டு லேக்கர் வைத்து, ஒரு வாரம் கழித்துத் தட்டையாக்குவது மேல்.

துடைக்கும் துணியில் கண் இருக்கட்டும். குழம்பு வெள்ளையாக வந்தால் லேக்கர்தான் தேய்கிறது. லேசாகப் பழுப்பு தட்டினால் மரத்தைத் தொட்டுவிட்டீர்கள், அந்த நொடியே நிறுத்துங்கள். நைட்ரோவில் இது பெரிய நஷ்டம் இல்லை. அந்த இடத்தில் மறுபடி இரண்டு மூன்று கோட் தூவினால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். வார்னிஷ், பாலியூரித்தேன் போட்ட டிரம்மாக இருந்தால் கதை வேறு. அவற்றில் ஒரு கோட் இன்னொன்றோடு கரையாது. ஒரு கோட்டைத் தாண்டி அடுத்த கோட்டுக்குள் தேய்த்துவிட்டால் நீர்மட்டக் கோடு மாதிரி ஒரு வளையம் நிற்கும். அதைப் போக்க முழு டிரம்முக்கும் இன்னொரு கோட் போட வேண்டி வரும்.

விளிம்பு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு முன்னாலேயே கட்டையை நிறுத்துங்கள். கட்டை விளிம்பைத் தாண்டிச் சரியும்போது அழுத்தம் முழுவதும் முனையில் இறங்கி, நாலே இழுப்பில் மரம் தெரிந்துவிடும். முனையை மூன்று மில்லிமீட்டர் அகல டேப்பால் மூடி வைத்துவிட்டு, பி1500 வரும்போது டேப்பை எடுத்து, விரலால் ஓரிரண்டு இழுப்பு மட்டும் கொடுங்கள்.

அடுத்த தாள்களுக்கு ஒவ்வொரு முறையும் திசையை மாற்றுங்கள். பி1000ஐ டிரம்மைச் சுற்றி, பி1500ஐ நீளவாக்கில், பி2000ஐ மறுபடி சுற்றி. போன தாளின் கீறல்கள் குறுக்கே தெரியும், அவை முழுவதும் மறைந்ததும் நிறுத்தலாம். எண் மாறும்போது தண்ணீரையும் துணியையும் மாற்றி, டிரம்மையும் கட்டையையும் நன்றாகத் துடையுங்கள். பி800இன் ஒரே ஒரு துகள் பி2000 வேலையில் கலந்தாலும் நீளமாக ஒரு கீறு விழும், திரும்பவும் பி1000க்குப் போக வேண்டிவரும். பி2000 முடிந்ததும் டிரம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் சாய்த்துப் பார்த்தால் டியூப்லைட் நேர்க்கோடாகத் தெரியும். அந்தக் கோடு நேராக இருந்தால் வேலை முடிந்த மாதிரி.

பாலிஷ் சுருக்கமான கதை. கார்களுக்கு விற்கும் காம்பவுண்டே போதும்: ஒன்று கீறல் எடுப்பது, இன்னொன்று மெருகு ஏற்றுவது. டப்பாவில் சிலிகான் இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிலிகான் ஒருமுறை ஏறிவிட்டால் பின்னால் எப்போதாவது லேக்கர் அடிக்கும்போது அது பொத்தல் பொத்தலாக விலகிப்போகும். கையால் செய்வதென்றால் பழைய மென்மையான பனியன் துணியில் கொஞ்சம் எடுத்து, கை அகல இடமாகப் பிரித்துத் தேயுங்கள். தோள் வலிக்கும், ஆனால் ஆபத்து கிடையாது. மெஷின் வேண்டுமென்றால் ஒரே அச்சில் சுற்றுவது வேண்டாம், அசைந்து சுற்றும் வகையும் மெத்தென்ற ஃபோம் பேடும் நல்லது. தட்டையான கார் கதவில் பேடின் முழு முகமும் படும். டிரம்மில் ஒரு குறுகிய பட்டைதான் படுகிறது, அழுத்தமும் சூடும் எல்லாம் அங்கேயே சேரும். நைட்ரோ சூட்டில் இளகும். பேடை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், அடிக்கடி புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டினால் ஆற விடுங்கள். பேட் விளிம்பிலிருந்து வெளியே ஓடும்படி பிடியுங்கள். விளிம்புக்கு எதிராக ஓடினால் கவ்விக்கொண்டு டிரம்மைத் தூக்கி எறியும்.

பாலிஷ் முடிந்த டிரம்மை இன்னும் ஒரு மாதத்துக்குப் பைக்குள் போட வேண்டாம், துணியின் நெசவு அச்சு லேக்கரில் பதியும். ஸ்டாண்டின் ரப்பர், வினைல் உறை எதுவும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில ரப்பரும் வினைலும் நைட்ரோவை இளக்கிக் கறையாக்கும்.

மிருதங்கத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பலாக் கட்டையின் மேல் தோல் வார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. சுருதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் வார் கட்டையின் மேல் உரசி நகரும். கண்ணாடிப் படலம் போட்டால் அந்த இடங்களில் முதலில் கீறி, பிறகு செதிலாகப் பெயரும். மடியிலும் காலிலும் சாய்த்து வாசிக்கும் வாத்தியம் வழுக்கக் கூடாது. அதோடு வார் கட்டிய நிலையில் தின்னரோ டர்பன்டைனோ தோலில் பட்டால் தோல் வறண்டு போகும், கரணைக்கும் (வலது பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) ஆகாது. கட்டைக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால், அடுத்த முறை மூட்டு (வாசிக்கும் தோல் பகுதி) மாற்றக் கொடுக்கும்போது, வார் அவிழ்த்த நிலையில், பி320 தாளால் இழையோடு தடவிவிட்டு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள். பண்ருட்டிப் பலாவில் கடைந்த நல்ல கட்டைக்கு அந்த மஞ்சள் பொன்நிறமே போதுமான அழகு.

தீபாவளிக்கு முடியாது. துளை அடைத்து, கோட் அடித்து, காத்திருந்து, தேய்த்து, பாலிஷ் போட இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு இந்த டிரம்மை இப்போது இருக்கிறபடியே கொண்டுபோங்கள். மேடை விளக்கில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஆரஞ்சுத் தோலும் தெரியாது, துளையும் தெரியாது. லக் மாட்டுவதால் லேக்கரில் பதியும் அடையாளங்களைப் பற்றியும் கவலை வேண்டாம், பின்னால் கோட் அடித்துத் தட்டையாக்கும்போது அவையும் போய்விடும். இப்போதைக்கு வெள்ளை பூத்த இரண்டு இடத்தில் மட்டும் ரெட்டார்டர் தூவிச் சரிசெய்யுங்கள். வாசித்துவிட்டு வந்ததும் லக், போல்ட் போன்ற உலோகப் பாகங்களை எல்லாம் கழற்றி, டிரம்மை டர்பன்டைன் தொட்ட துணியால் விரல் எண்ணெய் போகத் துடைத்து, பி400 தாளோடு ஆரம்பியுங்கள். ஆனால் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், டிசம்பர், ஜனவரியில் காய்ந்த பிற்பகல்கள் குறைவு. துளை அடைக்கும் வேலையை அந்த மாதங்களில் வைத்துக்கொண்டு, கோட் அடிப்பதைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிடுங்கள், அப்போதுதான் இங்கே காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும்.